கமடோர் 64 நினைவக வரைபடம்

கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியின் 65,536 முகவரிகளில் எந்த முகவரியில் எது குடியிருக்கிறது, அதிலுள்ள எண்ணை மாற்றினால் யந்திரத்தின் நடத்தையில் என்ன மாறுதல் விளையும் என்பவற்றைக் கிரமமாக எழுதிவைத்த பதிவேட்டுக்கு நினைவக வரைபடம் என்று பெயர். கணினிக்காரர்கள் மெமரி மேப் என்பார்கள். வரைபடம் என்று சொன்னாலும் அதில் படம் பெரும்பாலும் இராது. கிராமக் கணக்குப்பிள்ளை சர்வே எண் வாரியாக எழுதிவைத்த அடங்கலைப் போல, முகவரி, அதன் பெயர், அதன் அநுபவம் என்ற வரிசையில் பக்கம் பக்கமாக நீளும் ஒரு கணக்கே அது.

1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டப்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த இந்த யந்திரத்துக்கு அப்படியொரு கணக்கு ஏன் அவசியமாயிற்று என்பது அதன் அமைப்பை அறிந்தால் விளங்கும். அதன் மூளையாகிய 6510 என்னும் சில்லுக்கு முகவரிக் கம்பிகள் பதினாறே ஆகையால், 0 முதல் 65,535 வரையில்தான் அதனால் எண்ண முடியும். ஆனால் யந்திரத்துக்குள்ளே எழுதி மாற்றக்கூடிய 64 கிலோபைட் ராம் போதாதென்று, பேசிக் மொழிக்கு 8, கெர்னல் என்ற ஆதார நிரலுக்கு 8, எழுத்துருவங்களுக்கு 4 என, படிக்க மட்டுமே கூடிய 20 கிலோபைட் ரோமும் இருந்தது; திரைக்கும் ஒலிக்கும் விசைப்பலகைக்கும் உரிய சில்லுகளும் தமக்கென முகவரி கேட்டன. இடம் குறைவு, குடித்தனம் அதிகம். ஆகவே ஒரே முகவரியில் இரண்டு மூன்று பேரைக் குடியேற்றி, எந்தச் சமயத்தில் எவர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை முகவரி 1-க்கு அளித்தார்கள். அங்கே சாதாரணமாக 55 என்ற எண் இருக்கும். அதை 54 ஆக்கினால் 40960 முதல் 49151 வரை வீற்றிருந்த பேசிக் மறைந்து, அடியிலிருந்த ராம் வெளிப்படும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ரோம் தெரிந்துகொண்டிருக்கும் முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அது வீணாவதில்லை. மேலே இருப்பதைத் துளைத்துக்கொண்டு போவதுபோல அடியிலுள்ள ராமில் போய்ப் பதியும். 40960 முதல் 49151 வரை ஒவ்வொரு பைட்டையும் பீக் கட்டளையால் படித்து, அதே முகவரியிலேயே போக் கட்டளையால் எழுதும் ஒரு வரி நிரல், பார்வைக்குப் பயித்தியக்காரத்தனமாகத் தோன்றும். எடுத்த இடத்திலேயே வைப்பதற்கு ஒரு நிரலா என்று கேட்கத் தோன்றும். உண்மையில் அது ரோமிலுள்ள பேசிக் மொழி முழுவதையும் ராமில் பிரதியெடுத்துவிடுகிறது. பிறகு முகவரி 1-இல் 54 என்று எழுதிவிட்டால், மாற்றவே முடியாதென்றிருந்த மொழியின் சொற்களை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

திரையை வரையும் விக்-2 சில்லோ உலகத்தை வேறு விதமாகக் காண்கிறது. ஒரே வேளையில் 16 கிலோபைட்டுக்கு மேல் அதற்குப் பார்வை எட்டாது. யந்திரம் விழித்தெழும் நிலையில், 4096 என்ற முகவரியை 6510 படித்தால் பயனரின் நிரலில் ஏதோ ஒரு பைட் கிடைக்கும். அதையே விக்-2 படித்தால் எழுத்துருவங்களின் ரோம் கிடைக்கும். சர்வே எண் ஒன்று, பார்ப்பவர் இருவர், நிலம் வெவ்வேறு என்ற இந்த நிலையை ஒற்றை அட்டவணையில் அடக்க முடியாமற்போனதால்தான், வரைபடம் எழுதியவர்கள் அட்டவணையை விட்டு விளக்கவுரைக்குப் போக நேர்ந்தது.

இந்த இலக்கிய வகை கமடோர் 64-உடன் பிறந்ததன்று. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஜிம் பட்டர்ஃபீல்டு, கிம்-1 என்னும் ஒற்றைப் பலகைக் கணினிக்கான நூலை 1977-இல் வேறு இருவருடன் சேர்ந்து எழுதியவர். பின்னர் கமடோர் பெட் கணினியின் நினைவகத்தை முகவரி முகவரியாக ஆராய்ந்து பத்திரிகைகளில் பட்டியல்களை வெளியிட்டார். 1977-இல் வந்த முதல் பெட்டில், பேசிக் ரோமைப் பீக் செய்தால் பூஜ்யமே விடையாகக் கிடைக்கும்படி தடை வைத்திருந்தார்கள். யந்திர மொழியில் எழுதிய சிறு நிரலுக்கு அந்தத் தடை செல்லாது என்று கண்டவர்கள் சுலபமாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். பூட்டு கதவில் இருந்தது, சுவரில் இல்லை.

பட்டர்ஃபீல்டின் பட்டியல்களுக்கு ஏற்பட்ட கிராக்கிக்கு முக்கிய காரணம், ரோம் மாறும்போதெல்லாம் முகவரிகளும் இடம் பெயர்ந்ததே. விநாடிக்கு அறுபது முறை துடிக்கும் உள் கடிகாரத்தை உதாரணமாகக் கொள்வோம். முதல் பெட்டில் அது 512 முதல் 514 வரையுள்ள மூன்று பைட்டுகளில் இருந்தது. அடுத்த ரோமில் 141-143-க்குக் குடிபெயர்ந்தது. கமடோர் 64-இல் 160-162-இல் நிலைபெற்றது. கடைசி பைட்டாகிய 162 ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று ஏறும்; அது 256 துடிப்புகளில் ஒரு சுற்றுச் சுற்றியதும் 161 ஒன்று ஏறும், இதற்கு நான்கு விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும்; 160 ஒன்று ஏறுவதற்கோ பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பழைய முகவரியை நம்பி எழுதிய நிரல் புதிய யந்திரத்தில் கடிகாரத்தைத் தேடி வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டியது.

கமடோர் நிறுவனம் தானே 1982-இல் வெளியிட்ட நிரலாளர் கைந்நூலில் நினைவக வரைபடமும் யந்திரத்தின் மின்சுற்றுப் படமும் சேர்க்கப்பட்டிருந்தன. இது பாராட்டத்தக்க தாராளமே. ஆயினும் முகவரிக்கு ஒரு வரி என்ற சிக்கனத்தில் அந்த வரைபடம் அமைந்ததால், அறிந்தவருக்கு நினைவூட்டுமேயன்றி அறியாதவருக்குப் போதிக்காது. கெர்னல் என்ற பெயரின் கதையும் இவ்வகைக் கைந்நூல் ஒன்றோடு சேர்ந்ததுதான். ராபர்ட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் தம் குறிப்பேட்டில் அச்சொல்லின் ஆங்கில எழுத்துக்களில் ‘இ’ வரவேண்டிய இடத்தில் ‘ஏ’ என்று பிழையாக எழுதிவிட, விக்-20 கணினியின் கைந்நூலைத் தொகுத்தவர்கள் அதை அப்படியே ஏற்க, பிழையே பெயராகி நிலைத்துவிட்டது.

ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்து டாட்டா பெக்கர் பதிப்பகம், ரோமிலுள்ள ஆணைகள் அனைத்தையும் குறிப்புரையுடன் அச்சிட்ட நூலொன்றை வெளியிட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவிலும் பரவிற்று. ஆனால் வரைபடம் என்ற வகையின் சிகரம், ஷெல்டன் லீமன் எழுதி, கம்ப்யூட் பதிப்பகம் 1984-இல் வெளியிட்ட ‘மேப்பிங் தி கமடோர் 64’ என்பதே. எந்தப் பைட் எது என்று சொல்வதோடு நில்லாமல், அதைக்கொண்டு என்ன செய்யலாம், செய்யும்போது எங்கே இடறுவோம் என்பதையும் ஆற அமரச் சொல்லும் பண்பு அந்நூலுக்கு உண்டு.

இத்தகைய நூல்களை வாசிப்பவரின் கண் முதலில் போய் நிற்பது, சிறிய எண்களைக் கொண்ட முகவரிகளாகிய அடிநிலத்தில்தான். 251 முதல் 254 வரையுள்ள நான்கு பைட்டுகளுக்கு உரிமையாளர் எவருமில்லை. யந்திர மொழி எழுதுபவர்கள் அனைவரும் தாராளமாய்ப் பயன்படுத்திக்கொண்ட புறம்போக்கு அது. 631 முதல் 640 வரை, விசைப்பலகையில் தட்டியவை பத்து எழுத்துவரை காத்திருக்கும் வரிசை. எத்தனை எழுத்துக்கள் காத்திருக்கின்றன என்ற கணக்கு 198-இல். 631-இல் 13 என்றும் 198-இல் 1 என்றும் ஒரு நிரல் எழுதிவிட்டு ஓய்ந்தால், யாரோ ரிட்டர்ன் விசையை அழுத்தியதாக யந்திரம் மயங்கும். நிரல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் சாமர்த்தியமெல்லாம் இந்த மயக்கத்தின்மேல் கட்டப்பட்டவை. 1024-இல் திரையின் முதல் கட்டம் தொடங்குகிறது. நாற்பது எழுத்து கொண்ட இருபத்தைந்து வரிகளுக்கு ஆயிரம் பைட். 2049-இல் பயனரின் நிரல் தொடங்கி 40959-இல் எல்லை காண்பதால்தான், யந்திரத்தை முடுக்கியதும் 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற அறிவிப்பு திரையில் தோன்றிற்று. 53280-இல் பூஜ்யத்தை எழுதினால் திரையின் ஓரம் கறுத்துப்போகும். அக்காலத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்த எண் மனப்பாடம்.

வரைபடம் வெளியானபின் யந்திரத்தை மாற்றுவது எளிதாயிருக்கவில்லை. கெர்னல் ரோமின் ஒரு பதிப்பில், திரையைத் துடைக்கும்போது 55296-இல் தொடங்கும் நிற நினைவகம் பின்புல நிறத்தால் நிரப்பப்பட்டது. 1024-இல் எழுத்தைப் பதித்தவர்களுக்கு அது நீலத்தின்மேல் நீலமாகி மறைந்தது. அடுத்த பதிப்பில் அந்த நிறம் சுட்டுக்குறியின் நிறமாக மாற்றப்பட்டது. இப்படி உள்ளுக்குள் எதை மாற்றினாலும் வெளியே எவருக்கும் இடையூறு நேராதிருக்கவே, ரோமின் கோடியில், அழைப்பை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஒரு தாவல் அட்டவணையை நிறுவனம் வைத்திருந்தது: எழுத்தை அச்சிடும் வேலைக்கு 65490 என்ற வாசல் பெட் காலத்திலிருந்தே மாறவில்லை. முன்வாசல் திறந்திருந்தும், லீமனையும் பட்டர்ஃபீல்டையும் படித்தவர்கள் வேகத்தை நாடிக் கொல்லைப்புறமாகவே போனார்கள். எவர் எந்த முகவரியைப் பிடித்துத் தொங்குகிறார் என்று அறியமுடியாத நிலையில், 1985-இல் கமடோர் 128-ஐ வெளியிட்டபோது, பழைய யந்திரத்தின் ரோமையும் முகவரிகளையும் முழுமையாக அதற்குள்ளேயே வைத்து, ‘கோ 64’ என்ற கட்டளையால் திறக்கும்படி அமைத்துவிட்டார்கள்.