அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணவில்லையா? கடைக்குப் போகுமுன் செய்து பார்க்க வேண்டியவை

சுங்கை பட்டாணி: முந்தின இரவு வரை நன்றாக ஓடிய மடிக்கணினி. தூங்கப் போகுமுன் 'அப்டேட்' ஆகிக்கொண்டிருந்தது. காலையில் திறந்தால் திரையின் ஓரத்தில் வைஃபை சின்னத்தையே காணோம். அதே வீட்டில், அதே வைஃபையில் கைப்பேசி மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது.

பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் வட்டாரத் தோட்டப்புற வீடுகளில் இது சின்னச் சிக்கல் அல்ல. வீட்டுக்கு ஒரே மடிக்கணினி. அண்ணனுக்குப் பல்கலைக்கழக இடுபணி, தங்கைக்குப் பள்ளிப் பாடம், அப்பாவுக்கு அரசாங்க உதவிநிதி விண்ணப்பம் எல்லாம் அதில்தான். பழுது பார்க்கும் கடையோ பட்டணத்தில் இருக்கிறது. அங்கே 'ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்' என்று சொன்னால், பலர் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறார்கள். சி டிரைவில் இருந்த இடுபணிகளும் குடும்பப் படங்களும் அதோடு போய்விடும்.

அப்டேட்டுக்குப் பின் வரும் வைஃபை கோளாறுகளில் பல, மென்பொருள் சார்ந்தவை. ஒரு யூஎஸ்பி கம்பியும் அரை மணி நேரப் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம்.

ஏன் இப்படி நடக்கிறது?

கணினிக்குள் வைஃபைக்கென்று ஒரு சிறு அட்டை இருக்கிறது. இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் போன்ற நிறுவனங்களின் சில்லுகள் அதில் இருக்கும். அந்த அட்டையோடு விண்டோஸ் நேரடியாகப் பேசாது. இடையில் 'டிரைவர்' என்ற மென்பொருள் இருக்கிறது. பழைய தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளர்களுக்கும் நடுவில் கங்காணி இருந்த மாதிரி. துரை மாறி, புதிய துரையின் பேச்சு கங்காணிக்குப் புரியாவிட்டால் வேலை நின்றுபோகும். அப்டேட்டுக்குப் பின் நடப்பதும் அதுதான். விண்டோஸ் மாறிவிட்டது, டிரைவர் பழையதாகவே இருக்கிறது. அல்லது விண்டோஸ் தானாகப் போட்ட புது டிரைவர் அந்த அட்டைக்குப் பொருந்தவில்லை.

சில வேளைகளில் தவறு அப்டேட்டிலேயே இருக்கும். 2016 டிசம்பரில் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விண்டோஸ் 10 கணினிகள் பல இணையத்தை இழந்தன. ரௌட்டரிடமிருந்து கணினி தனக்கான ஐபி முகவரியைப் பெறும் முறையில் கோளாறு. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பின், சில கணினிகள் வைஃபையில் இணைய மறுத்தன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பல்கலைக்கழக, அலுவலகக் கட்டமைப்புகளில்தான் அந்தச் சிக்கல் அதிகம். மைக்ரோசாப்ட் அதை ஒப்புக்கொண்டு, அதே மாதத்தில் திருத்தம் அனுப்பியது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் பழைய கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றுவோர் கூடியுள்ளனர். பழைய வைஃபை அட்டையும் புதிய விண்டோஸும் சந்திக்கும் இடத்தில் இந்தக் கோளாறு எட்டிப் பார்க்கும்.

முதல் வேலை: கோளாறு எங்கே?

கைப்பேசியை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். டேட்டாவை அணைக்காமல் சோதித்தால், வைஃபை செத்துக் கிடந்தாலும் கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவில் ஓடி நம்மை ஏமாற்றிவிடும்.

கைப்பேசியிலும் இணையம் இல்லையென்றால் கோளாறு மோடத்திலோ, வெளியே உள்ள இணைப்பிலோ இருக்கிறது, அப்டேட் காரணமல்ல. முந்தின நாள் இடி மின்னல் இருந்ததா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மோடத்தின் மின்கம்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் கழித்துச் சொருகிப் பார்ப்பது முதல் படி.

கைப்பேசியில் இணையம் இருந்து, கணினியில் மட்டும் இல்லையென்றால், திரை காட்டும் அறிகுறியைக் கவனிக்க வேண்டும். மூன்று வகை உண்டு:

1. வைஃபை சின்னமோ பொத்தானோ அறவே இல்லை: விண்டோஸ் அந்த அட்டையையே அடையாளம் காணவில்லை. டிரைவர் சிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. வைஃபை பெயர்கள் தெரிகின்றன, இணைய மறுக்கிறது: கணினியில் சேமித்த பழைய இணைப்பு விவரம் கெட்டிருக்கலாம்.

3. 'கனெக்டட்' என்று காட்டுகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை: ஐபி முகவரி, விபிஎன், வைரஸ் தடுப்பு மென்பொருள், அல்லது கணினியின் தேதி தவறாக இருப்பது காரணமாகலாம். பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். அப்படியானால் பாதுகாப்பான இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

எளிதானதில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் வைஃபை வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படி 1 – ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' வேறு, 'ரீஸ்டார்ட்' வேறு. விண்டோஸ் 10, 11 கணினிகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி செயலில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் உள் நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு, மறுபடி திறக்கும்போது அதுவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 2016 கோளாறின்போது மைக்ரோசாப்ட் முதலில் சொன்ன அறிவுரையும் இதுவே.

படி 2 – விமானச் சின்னம். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். 'ஏர்ப்ளேன் மோட்' அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 3 – மின்சாரத்தை முழுமையாக வடித்தல். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்ற வேண்டும். பேட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் கழற்றலாம். பிறகு பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் பொருத்தித் திறக்க வேண்டும். உறைந்துபோன வைஃபை அட்டை பல நேரம் இதில் விழித்துக்கொள்ளும்.

படி 4 – 'ஃபர்கெட்'. வைஃபை பெயர் தெரிந்தும் இணையவில்லையென்றால், அந்தப் பெயரைத் தேர்ந்து 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாகப் போட வேண்டும்.

படி 5 – டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கு செய்தால் 'டிவைஸ் மேனேஜர்' தெரியும். அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியை விரித்து, வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற பெயருள்ள வரியைத் தேட வேண்டும். மஞ்சள் முக்கோணக் குறி இருந்தால் டிரைவரில் சிக்கல்.

அந்த வரியை இரண்டு முறை சொடுக்கி, 'டிரைவர்' பகுதிக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். அது அழுத்தக்கூடியதாக இருந்தால், அப்டேட்டுக்கு முந்தைய டிரைவர் கணினியில் இன்னும் இருக்கிறது என்று பொருள். அழுத்தி, ரீஸ்டார்ட் செய்யலாம்.

பொத்தான் மங்கலாக இருந்தால் 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடக் கூடாது. கணினி மறுபடி திறக்கும்போது விண்டோஸ் அந்த அட்டையைப் புதிதாகக் கண்டு, தன்னிடம் உள்ள டிரைவரைப் பொருத்தும்.

சில நிமிடம் ஓடி, பிறகு வைஃபை அறுந்துபோகும் கணினிகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியைப் பார்க்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும். எல்லாக் கணினிகளிலும் இந்தப் பகுதி இருக்காது.

படி 6 – நெட்வொர்க் ரீசெட். விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' வழியாகப் போனால் 'நெட்வொர்க் ரீசெட்' கிடைக்கும். விண்டோஸ் 10-இல் அது 'ஸ்டேட்டஸ்' பகுதியின் அடியில் இருக்கும். இது கோப்புகளைத் தொடாது. ஆனால் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் அழிந்துபோகும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

படி 7 – அப்டேட்டை நீக்குதல். 'விண்டோஸ் அப்டேட்', 'அப்டேட் ஹிஸ்டரி', 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று போய், கோளாறு தொடங்கிய தேதியில் வந்ததை நீக்கலாம். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியவர்கள், 'ரிகவரி' பகுதியில் உள்ள 'கோ பேக்' மூலம் பழையதற்கே திரும்பலாம். ஆனால் அதற்குப் பத்து நாள்தான் அவகாசம்; அதற்குப் பின் அந்த வழி மூடிவிடும். திரும்புமுன் முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைப்பது நல்லது. ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-இல் தொடர்வோருக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறும் தனித் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் வைத்துள்ளது. அதில் பதிந்துகொள்ள வேண்டும்.

இணையம் இல்லாமல் டிரைவர் இறக்குவது எப்படி?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டிரைவர் இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும்.

இதற்குக் கைப்பேசியே வழி. ஆண்ட்ராய்ட் கைப்பேசியை, தரவு கடத்தும் யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் 'ஹாட்ஸ்பாட்' பகுதியில் 'யூஎஸ்பி டெதரிங்'கைத் திறந்தால், கணினிக்குக் கம்பி வழியே இணையம் வந்துவிடும். இதற்கு வைஃபை அட்டை தேவையே இல்லை. பல கைப்பேசிகளில் வீட்டு வைஃபையையே இப்படிக் கணினிக்குக் கடத்தலாம் என்பதால், டேட்டா தீர்ந்துவிடும் கவலையும் குறைவு. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பி இதற்கு உதவாது.

இணையம் வந்ததும் முதலில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் வைஃபை டிரைவரைத் தேடி இறக்கலாம். 'எல்லா டிரைவரையும் இலவசமாகச் சரிசெய்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களைத் தவிர்க்க வேண்டும்.

கைப்பேசி அப்டேட்டுக்குப் பின் வைஃபை போனால்

ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும், ஆண்ட்ராய்டில் 10-ஆம் பதிப்பு முதலும், தனியுரிமைக்காகக் கைப்பேசி ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு அடையாள எண்ணைக் காட்டும். பதிவு செய்த சாதனங்களை மட்டும் அனுமதிக்கும் பள்ளி, அலுவலக வைஃபைகள் இந்தப் புது எண்ணை அந்நியன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடும். அந்த வைஃபைக்கு மட்டும் 'பிரைவேட் அட்ரஸ்' வசதியை அணைத்தால் போதும்.

வளாகத்தில் மட்டும் இணையவில்லையென்றால்

சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலோ, செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளையின் கணினி, வீட்டில் இணைந்து வளாகத்தில் மட்டும் இணையவில்லையென்றால் அட்டை நன்றாக இருக்கிறது என்று பொருள். பணம் கொடுத்துப் புது அட்டை மாற்றத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்வதே சரியான வழி.

கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால்

எல்லாப் படிகளும் செய்தும் டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயரே தெரியவில்லையென்றால், அட்டை கெட்டிருக்கலாம். அதற்கும் மலிவான மாற்று உண்டு. கட்டைவிரல் அளவில் விற்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டரைச் சொருகினால், கணினியைப் பிரிக்காமலேயே இணையம் வரும்.

கடைக்காரரிடம் 'இன்டர்நெட் வரல' என்று மட்டும் சொல்லாமல், 'இன்ன தேதி அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை போனது, இந்தப் படிகளைச் செய்து பார்த்தோம்' என்று சொல்ல வேண்டும். ஃபார்மட் செய்யுமுன் கோப்புகளை எடுத்துத் தருவார்களா என்று கேட்டு, கட்டணத்தை முன்கூட்டியே பேசி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தகராறு வந்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே 5 வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதுதான் அங்கே சாட்சி.

அதுவரை எங்கே போவது?

இறுதி நாள் நெருங்கிவிட்டதென்றால், அருகிலுள்ள 'நாடி' மையத்தை நாடலாம். முன்பு பூசாட் இன்டர்நெட் என்றும், பிறகு பெடி என்றும் அழைக்கப்பட்ட அதே சமூக இணைய மையங்கள்தான் இவை. கணினியும் இணையமும் அங்கே கிடைக்கும். கோளாறு கணினியில் இல்லை, இணைப்பில்தான் என்று உறுதியானால், முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வைக்க வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகாரைக் கொண்டு போகலாம்.

வருமுன் காக்க

* இடுபணியோ விண்ணப்பமோ அனுப்ப வேண்டிய வாரத்தில் அப்டேட்டைத் தள்ளிவைக்கலாம். விண்டோஸ் 11-இல் 'பாஸ் அப்டேட்ஸ்' மூலம் ஐந்து வாரம் வரை முடியும். நிரந்தரமாக நிறுத்தக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன.

* வைஃபை நன்றாக ஓடும் நாளிலேயே அதன் டிரைவரை இறக்கி, ஒரு பென்டிரைவில் போட்டு வைக்கலாம்.

* முக்கியக் கோப்புகளுக்கு எப்போதும் இரண்டாவது பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.

வைஃபை ஒரு நாள் போனால் மறுநாள் வந்துவிடும். அவசரத்தில் ஃபார்மட் செய்து அழித்த இடுபணி திரும்பி வராது. கடையில் கணினியைக் கொடுக்குமுன் வீட்டில் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்வது அதனால்தான்.