மாநில எல்லையும் தொலைக்கல்வி மாணவனும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கல்வியை ஆளும் அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது. சிக்காகோப் பல்கலைக்கழகம் 1892 இல் தபால்வழிப் பாடங்களைத் தொடங்கியபோது, பாடம் எல்லையை எளிதிற் கடந்தது. சட்டமோ எல்லையிலேயே நின்றுவிட்டது. இணையம் வந்தபின் இவ்விடைவெளி மேலும் அகன்றது.

மாணவர் வாழும் மாநிலங்களிலும் கல்விக்கழகம் அநுமதி பெற்றாலன்றி மத்திய அரசின் உதவிப்பணம் கிட்டாதென 2010 இல் மத்திய கல்வித் திணைக்களம் விதித்தது. முறைப்படி கருத்துக் கேளாது செய்யப்பட்ட விதியென நீதிமன்றங்கள் 2011 இலும் 2012 இலும் அதனைத் தள்ளின.

பின்னர் மாநிலங்கள் தம்முள் ஒரு பரஸ்பர உடன்பாட்டை வகுத்தன. 2014 இல் இந்தியானா முதலிற் சேர்ந்தது; கலிபோர்னியா நெடுங்காலம் விலகியே நின்றது. கழகம் தன் சொந்த மாநிலத்தின் அநுமதியைப் பெற்றாற் போதும் என்பதே இவ்வுடன்பாட்டின் சாரம். கழகங்களுக்கு இதனால் விளைந்த இலாபம் வெளிப்படை. மாணவனோ தன் முறைப்பாட்டை முதலிற் கழகத்திடமும், பின்னர் கழகம் அமைந்துள்ள தூர மாநிலத்திடமுமே கொண்டுசெல்லல் வேண்டும். மோசடிக்கெதிரான பொதுச்சட்டம் அவனுக்கு உண்டு; தொலைக்கல்விக்கென்றே அவன் மாநிலம் இயற்றிய கடுஞ்சட்டம் அங்குச் செல்லாது. காப்பு வேண்டுவோன் அயலூர் வாயிலில் நிற்பது நீதியாகத் தோன்றவில்லை.

ஆசிரியர், தாதியர் முதலியோருக்கான படிப்பு மாணவனுடைய மாநிலத்தின் தொழில் உரிமத்துக்குப் போதாதாயின், அதனைச் சேருமுன்னரே அவனுக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டுமெனும் மத்திய விதி 2020 இலேயே நடைமுறைக்கு வந்தது.