மலைக் குளிரும் தோலின் காவலும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரி மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு கோடைக்கானலுக்குச் சென்றிருந்தேன். வத்தலக்குண்டு வழியாக மலையேறிய எங்களுக்கு, வெப்பம் படிப்படியாகக் குறைந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. மறுநாள் முழுவதும் தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் சுற்றித் திரிந்தோம். இரவில் பார்த்தால், பலருடைய முகமும் பிடரியும் கன்றிப் போயிருந்தன. "ஐயா, வெயிலே உறைக்காத ஊரில் வெயில் எப்படிச் சுட்டது?" என்று ஒரு மாணவர் கேட்டார். அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அது தோல் புற்றுநோயின் வரலாற்றில் கொண்டுபோய் என்னை நிறுத்தியது.

நம் உடலுக்கு வெப்பமாகத் தெரிவது வேறு. தோலைக் கன்றச் செய்யும் புற ஊதாக் கதிர் வேறு. அக்கதிர் கண்ணுக்குப் புலப்படாது, சூடாகவும் தோன்றாது. மேலே செல்லச் செல்லக் காற்றாகிய போர்வை மெலிகிறது. ஆகவே 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 10 பங்கு வீதம் அக்கதிர் மிகுகிறது. கோடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பது. சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1845-ஆம் ஆண்டில் இங்கே பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். வெப்பத்திலிருந்து அவர்கள் தப்பினார்கள், கதிரிலிருந்து தப்பவில்லை.

இக்கதிரில் பெரும்பகுதியை வானத்தின் மேலடுக்கிலுள்ள ஓசோன் வாயு தடுத்து நிறுத்துகிறது. அந்த ஓசோனை அளக்கும் கருவிகளை ஆக்ஸ்போர்டு அறிஞர் டாப்ஸன் அமைத்து, 1928-ஆம் ஆண்டையொட்டி உலகின் பல பகுதிகளுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று, சூரியனை ஆராய்வதற்காக 1899-இல் தொடங்கப்பெற்ற நம் கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ராய்ட்ஸ். ஐரோப்பாவைக் காட்டிலும் இங்கே ஓசோன் குறைவு என்பதும், ஆண்டு முழுவதும் அது அதிகம் மாறுவதில்லை என்பதும் அந்த அளவைகளால் தெரியவந்தன.

அதே 1928-இல், பிரிட்டனில் ஃபிண்ட்லே என்ற அறிஞர், எலிகளின் தோலில் புற ஊதாக் கதிரை நெடுநாள் பாய்ச்சினால் புற்றுக் கட்டிகள் தோன்றுகின்றன என்று வெளியிட்டார். ஓரிடத்தில் கதிரைத் தடுக்கும் திரையை அளந்தார்கள். மற்றோரிடத்தில் அக்கதிர் செய்யும் கேட்டைக் கண்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் காலம் பின்னரே வந்தது.

கதிர் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. சிதைந்த அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. நோயின் கதை இவ்வளவுதான் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் நம் தோலில் காவலர்களும் உண்டு. 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலில் கிளைகள் விரித்து நிற்கும் ஒருவகை அணுக்களைக் கண்டறிந்தார். அவை அயற்பொருளைப் பற்றி, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள டி அணுக்களுக்குக் காட்டுபவை என்பது ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே விளங்கியது.

1974-இல் அமெரிக்க அறிஞர் மார்கரெட் கிரிப்கே ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார். கதிரால் விளைந்த கட்டியை, அதே இனத்து நலமுள்ள எலிக்கு ஒட்டவைத்தால், அந்த எலியின் உடல் அதை எதிர்த்து அழித்துவிடுகிறது. அப்படியானால், கட்டி முதலில் தோன்றிய எலி மட்டும் அதை ஏன் அழிக்கவில்லை? அவரும் அவருடன் உழைத்தவர்களும் அடுத்த சில ஆண்டுகளில் விடை கண்டார்கள். கதிர் பட்ட எலியின் காவலே அடங்கிப்போயிருந்தது. அதன் நிணநீர் அணுக்களை எடுத்து வேறோர் எலிக்குச் செலுத்தினால், அந்த எலியும் கட்டியை எதிர்க்கும் ஆற்றலை இழந்தது! ஒரே கதிர் தோலணுவையும் கெடுக்கிறது. கெட்டதைப் பிடிக்கவேண்டிய காவலையும் அடக்குகிறது.

இந்த அடக்கம் நிகழ்வது அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் குறிப்புகளால். கதிர் பட்ட தோல், 'அமைதி கொள்க' என்று பொருள்படும் இன்டர்லூகின் 10 போன்ற பொருள்களைச் சுரக்கிறது. டி அணுவின் மேற்பரப்பில் பி.டி. 1 என்னும் ஒரு தடை உண்டு. காவல் எல்லை மீறாமலிருக்க இயற்கை வைத்த தடை அது. புற்றணு அதற்குப் பொருந்தும் ஒரு புரதத்தைத் தன்மேல் ஏந்தி, தன்னை அழிக்கவந்த அணுவை நிறுத்திவிடுகிறது. கட்டியில் புகும் விழுங்கணுக்களிற் சில, காவலை மறந்து, கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளரவும் துணைபோகின்றன.

தடையை நீக்கினால் காவல் எழுமா? ஜப்பானில் ஹோஞ்ஜோவின் குழு 1992-இல் பி.டி. 1-ஐக் கண்டறிந்தது. அமெரிக்காவில் ஆலிஸன், சி.டி.எல்.ஏ. 4 என்னும் மற்றொரு தடையை விலக்கினால் எலிகளின் கட்டிகள் மறைகின்றன என்று 1996-இல் காட்டினார். அவ்வழியில் பிறந்த முதல் மருந்துக்கு, மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுக்காக, 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2018-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எனினும் இம்மருந்து எல்லாருக்கும் பயன்படுவதில்லை. தடை நீங்கிய காவல், சிலருக்குக் குடல், தைராய்டு முதலிய சொந்த உறுப்புகளையே தாக்குவதும் உண்டு.

'நம் தோல் கறுப்பு. நமக்கு இதனால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நம் தோலின் கருமை கதிரை உறிஞ்சும் அருமையான கவசம். அதனை இழிவாக எண்ணுவது அறியாமை. அதனால் நம்மிடையே மெலனோமா அரிது. ஆனால் அக்கருமை இல்லாமற் பிறந்தோருக்கும், சிறுநீரக மாற்றுக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போருக்கும் கதிரால் ஆபத்து மிகுதி. மேலும், நம்மவர்க்கு மெலனோமா வரும்போது, வெயில் படாத உள்ளங்காலிலேயே பெரும்பாலும் வருகிறது. அதற்குக் கதிர் காரணமன்று.

அந்த மலைப்பகுதியில் எனக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரர் இருந்தார். உள்ளங்காலில் தோன்றிய கரும்புள்ளியை, முள் குத்திய தழும்பு என்று இரண்டு ஆண்டுகள் பொருட்படுத்தாமலே இருந்தார். மருத்துவரிடம் சென்றபோது நோய் தொடைக் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தொடக்கத்தில் ஒரு சிறிய அறுவையால் தீர்ந்திருக்கக் கூடியது அது. அவர் இன்று இல்லை.

ஆகவே, மலைக்குச் செல்லும்போது குளிரை நம்பித் தலையைத் திறந்துவைக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களையும் ஒருமுறை பாருங்கள். வளரும் கரும்புள்ளியோ, ஆறாத புண்ணோ தென்பட்டால், முள் என்று சொல்லி ஆறவிடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.