புதையாத புதைபொருள்

பழம்பொருள்களைத் தேடி ஆராயும் துறையைப் 'புதைபொருள் ஆராய்ச்சி' என்றே நெடுங்காலம் வழங்கி வந்தோம். தோண்டினாலன்றிப் பழமை வெளிப்படாது என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வறண்ட மேட்டுநிலத்தை அறுத்துச் செல்லும் ரேஞ்ச் கிரீக் பள்ளத்தாக்கு இவ்வெண்ணத்தைத் திருத்துகிறது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மக்காச்சோளம் பயிரிட்டும் வேட்டையாடியும் மக்கள் அங்கு வாழ்ந்தனர். அவர்களைப் பிரிமாண்ட் மக்கள் என்பர். அஃது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரன்று. 1931இல் நோயல் மார்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் ஓர் ஆற்றின் பெயரைக்கொண்டு இட்டது.

1951 முதல் இப்பள்ளத்தாக்கு வில்காக்ஸ் குடும்பத்தாரின் மாட்டுப் பண்ணையாக இருந்தது. வால்டோ வில்காக்ஸ் வாயிற்கதவைப் பூட்டியே வைத்திருந்தார். அந்நாட்டின் வறண்ட மேற்குப் பகுதியில் பழங்குடியினர் வாழ்ந்த இடங்கள் பல, பானை தேடி விற்போரால் சூறையாடப்பட்டவை. இங்கோ அம்பு முனை விழுந்த இடத்திலேயே கிடந்தது. அறிஞர் கழகங்கள் பிற இடங்களில் காக்கத் தவறியதை ஒரு மாடு வளர்ப்பவர் காத்தார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 2001இல் 25 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்ட நிலம், மாநில அரசின் கைக்கு மாறி, 2009இல் யூட்டா பல்கலைக் கழகத்துக்கு உரியதாயிற்று.

பல்கலைக் கழகம் அங்குக் கோடைக் களப்பள்ளி நடத்தியது. மாணவர் பயின்ற முதற்பாடம் மண்வெட்டி பிடிப்பதன்று, நடப்பது. வரிசையாகப் பரவி, தரையை நோக்கியபடியே நடந்தனர். பானையோடு தென்பட்டால் இடத்தைக் குறித்து, அளந்து, படமெடுத்தனர். ஓட்டைப் பையிலிட்டுக்கொண்டு போனால் ஓடுதான் மிஞ்சும். அடுப்புக்கு எத்துணை அருகில் கிடந்தது, பக்கத்தில் யாது இருந்தது என்பவை போய்விடும். செய்யுளிலிருந்து ஒரு சொல்லைப் பெயர்த்தெடுத்துப் பொருள் கேட்டால் நம் மாணவர் விழிப்பதில்லையா? அதுபோன்றதே.

பள்ளத்தாக்கின் பெரும்புதிர் அதன் தானியக் குதிர்கள். கல்லும் மண்ணும் மரக்கட்டையும் கொண்டு செங்குத்துப் பாறை விளிம்புகளில் கட்டப்பட்டவை. சிலவற்றை இன்று கயிறு பிடித்தே அணுக இயலும். சோளத்தைச் சுமந்துகொண்டு அவ்வளவு உயரம் ஏறுவானேன்? எலிக்கு அஞ்சி என்பது போதிய விடையாகத் தோன்றவில்லை. கள்வருக்கு அஞ்சி எனின், மறைவான குதிர்களுக்கு அது பொருந்தும். கீழிருந்து எல்லாரும் காணும்படி நிற்பவை எதற்கு? காணும்படி வைத்ததே காவல் என்பது ஒரு கருத்து: திருட ஏறுபவன் கீழே உள்ளோர் கண்ணில் படாமல் தப்ப முடியாது. இது சரிதானா எனக் காண, எந்தக் குடியிருப்பிலிருந்து எந்தக் குதிர் பார்வைக்கு எட்டுகிறது என்று குறித்துப் பார்க்க வேண்டும். குதிரும் குடியிருப்பும் கலையாமல் நிற்பதனால்தான் அந்தக் கேள்வியையே அங்கு எழுப்ப முடிகிறது.