தியாகராஜர் கிண்ணக்குழி

தியாகராஜர், புதன் கோளின் நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே அமைந்த கிண்ணக்குழி. குறுக்களவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலவிலிருந்து கொழும்புக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவு வரும். விண்ணிலிருந்து விழுந்த ஒரு பெரும்பாறை ஒரே மோதலில் இதைத் தோண்டிவிட்டது.

புதனின் கிண்ணக்குழிகளுக்கு மறைந்த கலைஞர்கள், இசைவாணர்கள், எழுத்தாளர்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் மரபு. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்து மறைந்த இசைவாணர் தியாகராஜரின் (1767–1847) பெயர் 1976இல் இதற்கு வைக்கப்பட்டது. காளிதாசரும் பீத்தோவனும் அதே கோளில் இடம்பெற்றிருக்கிறார்கள். மலையகத் தமிழரின் முன்னோர் பலர் தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த காவிரிக்கரையின் பெயரொன்று வேற்றுக் கோளில் இருப்பது அவர்களின் பேரப்பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

1974, 1975 ஆண்டுகளில் மரைனர் 10 விண்கலம் புதனை மூன்று முறை கடந்து சென்றது. அப்போது கோளின் பாதிக்கும் குறைவான பகுதியே படத்தில் விழுந்தது. அந்தப் படங்களில் தியாகராஜரின் தரையில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. அவை என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை.

விடை கிடைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மார்ச் 18 அன்று மெசஞ்சர் விண்கலம் புதனின் சுற்றுப்பாதையில் இணைந்தது. அருகிலிருந்து எடுத்த படங்களில் அந்தத் திட்டுகள் எண்ணற்ற சிறு குழிகளாகப் பிரிந்து தெரிந்தன. தட்டையான அடி, ஒழுங்கற்ற வடிவம், சுற்றிலும் வெளிச்சமான வளையம், சில பத்து மீட்டர் ஆழம். விண்கல் விழுந்திருந்தால் விளிம்பு மேடாக எழும்பியிருக்கும். இவற்றில் அது இல்லை. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளைப் போல யாரும் வெட்டியவையுமல்ல. தரை தானாகவே கரைந்து அமிழ்ந்திருக்கிறது.

பகலில் 430 பாகை செல்சியஸ் வரை கொதிக்கும் அந்தத் தரையில், ஆழத்திலிருந்து மோதலால் மேலே வந்த பாறையின் ஒரு பகுதி ஆவியாகிப் போவதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கந்தகச் சேர்மங்கள் மீதுதான் சந்தேகம் அதிகம். புதனின் தரையில் கந்தகம் ஏராளம். குழிகளின் மீது பிற்கால மோதல் தழும்புகள் காணப்படாததால், அவை இன்றும் வளர்ந்துகொண்டிருக்கலாம். கிண்ணக்குழியின் நடுவே எரிமலை வெடித்துச் சிதறியதன் சுவடாகச் செந்நிறப் படிவு கிடக்கிறது. சூரியனுக்கு அருகே இருப்பதால் எளிதில் ஆவியாகும் பொருள்களையெல்லாம் புதன் இழந்துவிட்டது என்ற பழைய கருத்தை அசைத்த இடங்களில் தியாகராஜருக்கு முதல் வரிசையிலேயே இடம் தரவேண்டும்.

சாதாரணத் தொலைநோக்கியில் இக்கிண்ணக்குழி அகப்படாது. ஆனால் புதனை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள இலங்கையில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ நெட்டுக்குத்தாக உயர்வதால், ஐரோப்பாவில் இருப்பவர்களைவிட இங்குள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அது மாலையில் தெரியும் நாள்களில், மேற்கை மலை மறைக்காத இடம் மட்டும் வேண்டும்.

மெசஞ்சர் 2015 ஏப்ரல் 30 அன்று புதனிலேயே மோதி முடிந்தது. 2018 அக்டோபரில் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய பெப்பிகொலம்போ, 2026 நவம்பரில் புதனின் சுற்றுப்பாதையை அடையும்படி திட்டமிடப்பட்டது. தியாகராஜரில் கண்டது போன்ற சிறு குழிகளை ஆராய்வதும் அதன் பணிகளில் ஒன்று.