1974: ஆடப்படாத இறுதியாட்டமும் விஜய் அமிர்தராஜும்

டேவிஸ் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலில் 1974ஆம் ஆண்டுக்கு நேரே தென்னாப்பிரிக்கா என்று பொறிக்கப்பட்டுள்ளது. அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா ஆகிய நான்கு தரப்புகளுக்கு அப்பால் அக்கோப்பை சென்றதில்லை. ஐந்தாவது நாட்டின் பெயர் ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் அப்பட்டியலில் ஏறியது. இறுதியில் அதை எதிர்த்து ஆட வேண்டியிருந்த நாடு இந்தியா. அவ்வணியின் முதன்மை வீரர் விஜய் அமிர்தராஜுக்கு அப்போது வயது இருபது.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நழுவிய வெற்றிகளின் கணக்கையே எழுதுகின்றனர். 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஸிடம் ஐந்தாவது செட்டில் 7-5; 1979இல் போர்க்கிடம் மீண்டும் ஐந்து செட்; 1981 காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரு செட்களையும் வென்றபின் தோல்வி. இக்கணக்கு பிழையன்று. ஆனால் உடல்வலுக் குறைவு, மனவுறுதிக் குறைவு என்ற வழக்கமான விளக்கங்களுக்குள் அது அவரது ஆட்டவாழ்வை அடைத்துவிடுகிறது. ஆடிய ஆட்டங்களைக் காட்டிலும் ஆடாத ஓர் ஆட்டமே அவர் நின்ற வரலாற்று இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த இடம் புதியது. அவருக்கு முந்தைய தலைமுறையின் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளை எட்டியவர். ஜாக் கிராமர் மூன்றாண்டுகளுக்கு ஒன்றரை இலட்சம் டாலர் தர முன்வந்தும் அவர் தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்லவில்லை. சென்றிருந்தால் விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு மூடப்பட்டிருக்கும். பிழைப்பா, நாடா என்ற தேர்வு அன்று வீரனின் கையிலேயே இருந்தது. 1968இல் முதன்மைப் போட்டிகள் தொழில்முறை வீரர்களுக்கும் திறக்கப்பட்டபின் அத்தேர்வு தேவையற்றதாகிவிட்டதுபோலத் தோன்றியது.

1953 டிசம்பரில் சென்னையில் பிறந்த விஜய், திறந்த டென்னிஸுக்குள் வளர்ந்த முதல் இந்தியத் தலைமுறையைச் சேர்ந்தவர். சிறுவயதில் நுரையீரல் நோயால் வாடிய பிள்ளை. டென்னிஸ் உடல்நலத்திற்காகத் தொடங்கப்பட்டது. மூன்று மகன்களையும் ஆட்டக்காரர்களாக்கிய அன்னை மேகி அமிர்தராஜின் உழைப்பு தனி ஆய்வுக்குரியது. விளையாட்டு வரலாறுகள் அன்னையரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இங்கும் அதற்கு மேல் இடமில்லை.

1973 அவருக்குத் திறப்பின் ஆண்டு. அவ்வாண்டு விம்பிள்டனை, யுகோஸ்லாவிய வீரர் நிக்கோலா பிலிச் மீதான தடையை எதிர்த்து, தொழில்முறை வீரர் சங்கமான ஏ.டி.பி.யைச் சேர்ந்த 81 பேர் புறக்கணித்தனர். மெலிந்துபோன அந்தக் களத்தில்தான் விஜய் காலிறுதிவரை சென்றார். அவ்வெற்றி தற்செயலன்று என்பதை அடுத்த சில வாரங்களே காட்டின: பிரெட்டன் வுட்ஸில் லேவரை வென்று, இறுதியில் கானர்ஸையும் வென்றார், ஃபாரெஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க ஓப்பனில் மீண்டும் லேவரை வீழ்த்திக் காலிறுதியை அடைந்தார். ஆயினும் பிறரது புறக்கணிப்பு ஓராண்டு அவருக்கு வழிவிட்டது என்பதும், மறுஆண்டு தம் நாட்டின் புறக்கணிப்பு அவர் வழியை அடைத்தது என்பதும் சேர்த்து நோக்கத் தக்கவை.

1974 மே மாதம் கல்கத்தா சவுத் கிளப் புல்தரையில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-2 என வென்றது. அந்த ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 327 கேம்கள் ஆடப்பட்டன. விஜய்யும் மூத்தவர் ஆனந்தும் ஆடிய இரட்டையர் ஆட்டம் மட்டுமே 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என 99 கேம்கள் நீண்டது. டைபிரேக்கர் இல்லாத காலம். மே மாதக் கல்கத்தா வெயில். பின்னர் புனாவில் சோவியத் அணியையும் வென்று இந்தியா இறுதியை எட்டியது. 1966க்குப் பின் இரண்டாம் முறை.

மறுபுறத்திலிருந்து வந்தது தென்னாப்பிரிக்கா. ஆர்தர் ஆஷுக்கு விசா மறுத்ததை ஒட்டி 1970இல் டேவிஸ் கோப்பையிலிருந்து விலக்கப்பட்டு, 1973இல் மீண்டும் சேர்க்கப்பட்ட நாடு அது. அதைத் தென் அமெரிக்க மண்டலத்தில் வைத்ததன் பின்னே, ஆசிய நாடுகளோடு மோதல் நேராமல் ஒத்திப்போடும் கணக்கு இருந்திருக்க வேண்டும். இறுதியாட்டத்தில் அக்கணக்கு பலிக்கவில்லை. 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிக உறவைத் துண்டித்து, அங்குள்ள இந்தியர் நிலையை ஐ.நா. அவைக்குக் கொண்டுசென்ற நாடு இந்தியா. அரசின் இந்த நிலைப்பாட்டுக்கு இணங்க இந்திய டென்னிஸ் சங்கம் இறுதியாட்டத்தை விட்டுக்கொடுத்தது.

இம்முடிவின் அறத்தை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அதற்குள் ஒரு முரண் உண்டு. தொழில்முறைச் சுற்றில் இந்தியரும் தென்னாப்பிரிக்க வெள்ளையரும் ஒரே போட்டிகளில் பங்கேற்றனர், ஏ.டி.பி.யின் முதல் தலைவரே தென்னாப்பிரிக்கரான கிளிஃப் டிரைஸ்டேல். தனியராகப் பணத்திற்கு ஆடும்போது தடையில்லாதது, நாட்டின் பெயரால் ஆடும்போது தடையாயிற்று. இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. நிறவெறி அரசுக்குத் தேவைப்பட்டது சில வீரர்களின் வெற்றியன்று. பிற நாடுகள் தன்னைத் தமக்கு நிகரான நாடாக ஏற்று எதிரே நிற்பதுதான். அந்த ஏற்பையே இந்தியா மறுத்தது. மறுப்பின் விலையை அரசு கொடுக்கவில்லை. ஆடியிருக்க வேண்டியவர்கள் கொடுத்தனர். கிருஷ்ணன் தாமே செய்த தேர்வு, விஜய்க்காக வேறோரிடத்தில் செய்யப்பட்டது. அது தமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு என்பதையும் முடிவு சரியானதே என்பதையும் அவர் பிற்காலத்தில் சேர்த்தே சொல்லிவந்திருக்கிறார்.

அரசின் கணக்குகள் மாறக்கூடியவை என்பதற்கும் டேவிஸ் கோப்பையே சான்று. முழுமையான தூதரக உறவு இல்லாத இஸ்ரேலுடன் 1987 ஜூலையில் டெல்லியில் ஆட ராஜீவ் காந்தி அரசு இசைந்தது. அயலுறவு வரலாற்றாசிரியர்கள் அதை ஒரு கொள்கைச் சமிக்ஞையாகவே படிக்கின்றனர். அந்த ஆட்டத்தை வென்று, பின் சிட்னியில் ஆஸ்திரேலியாவையும் வென்று, விஜய்யும் ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷும் இந்தியாவை மீண்டும் இறுதிக்குக் கொண்டுசென்றனர். கோதன்பர்க்கில், உள்ளரங்க மண்தரையில், ஸ்வீடன் 5-0 என வென்றது. இறுதியாட்டம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் விஜய்க்கு முப்பத்துநான்கு வயது நிறைந்திருந்தது.