பழனி மலைகளின் பனிக்காலக் கடைவிழாக்கள்

பழனி மலைகளிலும் அவற்றின் வடக்கு அடிவாரத்திலும் தை முதல் பங்குனி வரை நடைபெறும் முருகன் விழாக்கள். தைப்பூசம், பூம்பாறைத் தேரோட்டம், பங்குனி உத்திரம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. எனவே தைப்பூசம் பனி உச்சத்தில் இருக்கும்போதும், பங்குனி உத்திரம் பனி விடைபெறும்போதும் வருகின்றன. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தை மாத விடியலில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அதே நாள்களில் கீழே பழனியில் பகல் வெயில் உறைக்கத் தொடங்கியிருக்கும்.

குளிர்காலம் முடிவதை ஊர்கூடிக் கொண்டாடும் வழக்கம் உலகில் பல இடங்களில் உண்டு. உருசியா, உக்ரைன், பெலருஸ் நாடுகளின் சிலாவிய மக்கள், தவக்காலத்துக்கு முந்தைய வாரத்தில் மஸ்லெனித்சா கொண்டாடுகிறார்கள். அந்த வாரத்தில் இறைச்சி கிடையாது. வெண்ணெய், பால், முட்டைக்குத் தடையில்லை. மெல்லிய பணியாரங்களைச் சுட்டு உண்டு, கடைசி நாளில் குளிரின் உருவாகச் செய்த வைக்கோல் பொம்மையை எரிப்பார்கள். ஈஸ்டர் நிலவை ஒட்டி வருவதால், இவ்வாரம் பெரும்பாலும் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இடையில் அமைகிறது. மாசியில் தமிழகச் சிற்றூர்களிலும் இலங்கை மலையகத் தோட்டங்களிலும் நடக்கும் காமன் பண்டிகையில் காமனை எரிப்பது இதற்கு நெருங்கிய தமிழ் வழக்கம். பழனியின் முறையோ வேறு. மஸ்லெனித்சாவில் முதலில் விருந்து, பிறகு நோன்பு. இங்கே மாலையணிந்து, விரதமிருந்து, கால்நடையாக வந்து சேர்ந்தபின்பே பஞ்சாமிர்தம். எரிப்பதும் இல்லை, மையமாக நிற்பது நீர்.

பழனியின் பழம்பெயர் பொதினி. அகநானூற்றின் முதற்பாட்டு அதனை ஆவி என்னும் வேளிர் தலைவனின் ஊராகக் கூறுகிறது. அக்குடியில் வந்த பேகன், மலைச்சாரலில் நின்ற மயில் குளிரால் வருந்துவதாக எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவன் பெயர் நிலைத்தது இதனால்தான். இந்த மலையின் குளிரைப் பற்றிய மிகப் பழைய கதை இதுவே என்று கொள்ளலாம். திருமுருகாற்றுப்படை பழனி அடிவாரத்து ஆவினன்குடியை முருகனின் படைவீடுகளுள் ஒன்றாகப் பாடுகிறது. பங்குனி விழாவும் பழமையானது. உறையூரை ஒட்டிய ஆற்றங்கரையில் நடந்த பங்குனி விழாவை அகநானூறு குறிக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூர் விழாக்களை வரிசைப்படுத்தும்போது தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் மூன்றையும் சொல்கிறார். பழனியைப் பிற்கால மக்கள் மனத்தில் பதித்தவர் 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர்.

இரு விழாக்களின் அமைப்பும் ஒன்றல்ல. தைப்பூசக் கொடி ஊருக்குள் இருக்கும் பெரியநாயகியம்மன் கோயிலில் ஏறுகிறது. தேர் அக்கோயிலின் ரதவீதியில் ஓடுகிறது. பங்குனி உத்திரக் கொடி அடிவாரத்துத் திருஆவினன்குடியில் ஏறுகிறது. தேர் மலையைச் சுற்றிய கிரிவீதியில் வலம் வருகிறது. பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் காவடிகள் நடந்து வருகின்றன. பூசம் முடிந்த பின் எடப்பாடியிலிருந்து பருவதராசகுலத்தார் வருகிறார்கள். டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து, மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்குத் தொன்றுதொட்டு உண்டு.

பங்குனி உத்திரம் கொங்கு மக்களின் விழா. காவிரிக் கரையில் உள்ள கொடுமுடிக்குச் சென்று தீர்த்தக் கலசங்களில் நீர் முகந்து, தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். வெயில் ஏறும் நாளில், தண்டூன்றி நிற்கும் ஆண்டவனைக் குளிர்விக்கக் காவிரியே தோளில் ஏறி வருவதாக நம்பிக்கை. படம்பிடிப்பவர்கள் மயில்தோகைக் காவடியையும் அலகு குத்துவதையும் தேடிப் போகிறார்கள்; இவ்விழாவின் உயிர் அந்தக் கலசத்து நீரில்தான் இருக்கிறது. அறுவடை முடித்த உழவர், அடுத்த மழைக்கு முன் தம் ஆற்றுநீரைத் தெய்வத்தின் தலையில் சேர்க்கிறார்கள். வந்தவர்கள் சண்முகநதியில் நீராடுகிறார்கள். அந்நதி பழனி மலைகளில் பிறந்து அமராவதியில் கலக்கிறது. அமராவதியோ காவிரியைச் சேர்கிறது. மலை காவிரிக்கு அனுப்பும் நீருக்கு ஈடாக மக்கள் காவிரி நீரை மலைக்குக் கொண்டுவருவதுபோல் இருக்கிறது இது.

மலைமேல், கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் குழந்தை வேலப்பருக்குத் தைப்பூசத்தை அடுத்துத் தேரோட்டம். பழனி மூலவரைப் போலவே இத்திருவுருவும் சித்தர் போகர் ஒன்பது நச்சுப்பொருள் சேர்ந்த நவபாடாணத்தில் செய்தது என்பது மரபு. தெருக்கள் சரிவானவை என்பதால், தேர் கட்டுமீறி இறங்காதபடி பின்புறமும் வடம் பிடிக்கிறார்கள். அடுக்கு வயல்களில் பூண்டு விளையும் ஊர் இது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அக்குறியீடு கிடைத்தது. வாழைப்பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் சேரும் இதில் நீர் விடுவதில்லை. நெடுநாள் கெடாமைக்கு அதுவே காரணம். இதற்குரிய சிறந்த பழம் பழனி மலைச்சரிவின் விருப்பாச்சி வாழை. முடிக்கொத்து நோய் அத்தோட்டங்களைப் பெருமளவு அழித்துவிட்டது. விழாவின் சுவையே ஒரு மலைப்பயிரை நம்பியிருப்பதால், அதை மீட்கும் வேலை கோயில் திருப்பணிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

1966இல் இழுவை ரயிலும் 2004இல் ரோப்காரும் வந்தபின் முதியவர்களுக்கு மலையேற்றம் எளிதாயிற்று. 2021 முதல் தைப்பூசம் தமிழகத்தில் அரசு விடுமுறை. மலேசியத் தமிழர் பத்துமலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்விழாவைத் தொடங்கிவிட்டிருந்தனர். பழனியில் விழாக்கள் பங்குனியோடு நிற்பதில்லை. சித்திரையின் கடைசி ஏழு நாளும் வைகாசியின் முதல் ஏழு நாளும், அக்கினி நட்சத்திரக் கழுத் திருவிழாவில், பெண்கள் கடம்ப மலர் சூடிக் கிரிவலம் வருகிறார்கள்.